குடி

ஊரின் பேரிலேயே குடி இருக்கிறது,
களுவாஞ்சிகுடி.
எனக்குத் தாய்வழியில் ஒரு குடி.
அவருக்கு வேறு குடி.
வேறு வேறு எண்டபடியால்தான் கட்டித் தந்தார்கள்.
மறுகா அவருக்கு இன்னொரு குடி வந்தது.
அதற்குக் கோயிலில் மரியாதை இல்லை,
தவறணையில் கடன் கொப்பி இருந்தது.

இருபது வருசம் அவர் குடித்தார்.
ஈரல் கல்லானது எனக்கு.

"நீயும் எடுக்கிறதோகா?"
மீன் வாங்க நிண்ட இடத்தில் ஒருத்தி கேட்டாள்.
மஞ்சள் கண்ணால் அவளைப் பார்த்தேன்.
இந்தச் செப்பலியையும் உப்பில்லாமல்தான் அவிப்பேன் எண்டு
அவளுக்குச் சொல்லி என்ன.

வாவியில் தண்ணி ஏறினால் முகத்துவாரம் வெட்டுவார்கள்.
என் வயிற்றில் ஏறினால் ஊசி.
போன கிழமை ஆறு லீட்டர்.
போத்தலில் பார்த்தேன், அச்சொட்டாய் பியரின் நிறம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவர் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம், மடியில் ஸ்கேன் படங்கள்.
அக்மாவ, அக்மாவ எண்டு அறைக்கு அறை சொன்னார்கள்.
என் ஈரலுக்கு அங்கே அதுதான் பேர்.
செத்தவரின் ஈரல் எண்டால் வரிசை நீளம்.
உயிரோடு இருக்கிறவர் பாதி தந்தால்
ரெண்டு உடம்பிலும் வளருமாம்.
தம்பிக்கு இரத்தம் வேறு.
ஹேமப்பிரியாவுக்கு வயது காணாது.
என் குடி முழுவதையும் கூப்பிட்டுப் பார்த்தேன்,
வீட்டுக்கு வீடு கலியாணக் காட் வைத்தது போல.
போன் எடுக்கவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்தார்.

அண்டைக்குச் சாத்திரியார் சொன்னது
பத்தில் நாலு பொருத்தம்.
நேர்ஸ் சொன்னாள், ரெண்டு பேரும் ஓ பொசிட்டிவ்.
டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்,
கண்ணாடியைக் கழற்றி, மறுகா போட்டு, ஏதோ கேட்டார்.
நேர்ஸ் தமிழாக்கினாள்:
"இவ்வளவு குடிச்சும் இது எப்பிடித் தப்பினது?
ஆறு மாதம் தொடாம இருந்தா பாப்பம்."

பாருங்கள், என் உயிரை
எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

அதுமட்டும் வேறு வழியையும் மனம் விடுவதாயில்லை.
ஓந்தாச்சிமடத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து எண்டு
றேடியோ சொன்னால்
ஆள் ஆர் எண்டு கேட்கமுதல்
என்ன குறூப் எண்டு கேட்கிறது.
பிறகு சாமிப்படத்துக்கு முன்னால் நிண்டு
ஒண்டும் கேளாமல் வந்துவிடுகிறேன்.

விடிய அவர்தான் பாணி மருந்து ஊத்துவார்.
கையை நீட்டு எண்பார்.
விரல்கள் கோழிச் செட்டை போல அடித்தால்
இன்னொரு மூடி.
ஒருநாள் அவரை என் அப்பாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டேனாம்,
செருப்பைக் கழுவி உலையில் போட்டேனாம்.
எனக்கு ஞாபகமில்லை.
அவருக்கும் எத்தனையோ இரவு ஞாபகமில்லை.
இதில் நாங்கள் சரிக்குச் சரி.

தொண்ணூற்றேழாம் நாள்
குருக்கள்மடத்தில், கூட வேலை செய்த மேசனின் செத்தவீடு.
போகாதீங்க எண்டு சொல்ல வாய் வரவில்லை.
பந்தலுக்குப் பின்னால் போத்தல் திறக்காத செத்தவீடு
இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது?

பன்னிரண்டு தாண்டி வந்து படுத்தார்.
எனக்கு உடம்பெல்லாம் கடி, நித்திரை இல்லை.
இருபது வருசப் பழக்கம்,
இருட்டில் குனிந்து அவர் மூச்சை மோந்தேன்.
பீடி. கற்பூரம். வெங்காயம்.
பிறகு வேறொன்று,
இனித்து அழுகின பழம் போல.
நெஞ்சு நிண்டுவிட்டது.

மறுகாத்தான் விளங்கியது,
அது என் வாயின் மணம்.

"ஊதிக் காட்டவா?" எண்டார், கண்ணைத் திறக்காமல்.
"படுங்க."
"எண்பத்திமூண்டு நாள் கிடக்கு."
அவ்வளவு நாள் நான் கிடப்பேனா எண்டு
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடிய எழும்பிக் கலண்டரில் கோடு போட்டேன்.
கை அடித்ததில் நேராக விழவில்லை.
நாளைக்குரிய பெட்டிக்குள்ளும்
கொஞ்சம் போய் நிண்டது.